உழாத நிலத்திற்கு ஊதியம்

அரசாங்கம் கமக்காரனுக்கு உதவிப்பணம் கொடுக்கிறது என்ற செய்தி எந்த நாட்டிலே கேட்டாலும் நல்ல செய்தியாகவே செவியில் விழும். வங்கிக்காரனுக்கும் ஆலை முதலாளிக்கும் வாரி வழங்கும் அரசுகள் உழுபவனையும் ஒருகால் நினைத்தனவே என்று மனம் ஆறுதல் கொள்ளும். ஆனால் 'கமக்காரன்' என்பது வழுக்கலான சொல். ஆயிரம் ஏக்கருக்கு உரிமை பூண்டு நகரத்திலே வாழ்பவனும் கமக்காரனே. அவனுடைய நிலத்தில் இருபது ஏக்கரை உழுது, விளைவிற் பாதியை அவனிடம் அளந்துவிட்டு, மறுபாதியைக் கடனுக்கு ஈடுசெய்துவிட்டு, வெறுங்கையுடன் நிற்பவனும் கமக்காரனே. சட்டம் இவ்விருவரில் எவனைக் கமக்காரன் எனக் கொள்கிறது என்பதைப் பொறுத்தே உதவிப்பணத்தின் வரலாறு அமைகிறது. 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்துப் போயின்செட் மாவட்டத்தில் நிகழ்ந்தவை இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுவன. ('கவுண்டி' என அந்நாட்டார் வழங்கும் ஆட்சிப் பிரிவை நாம் இங்கு மாவட்டம் என்றே குறிப்பிடுவோம்.)

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1933 இல் தொடங்கிய சீர்திருத்தங்களுக்கு 'நியூ டீல்' என்று பெயர். சீட்டாட்டத்தில் சீட்டுகளைக் கலைத்துப் புதிதாகப் போடுவதைக் குறிப்பது அச்சொற்றொடர். அதனைப் போற்றுவோர் ஏழைக்கு இரங்கிய ஆட்சி என்பர். முதலாளித்துவத்தைச் சாவிலிருந்து மீட்க வந்த மருத்துவம் என்று ஒதுக்குவோரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயின் இரண்டும் வாஷிங்டனிலிருந்து நோக்கிக் கூறப்படுவன. ஆட்ட மேசையைச் சுற்றி யார் யார் அமர்ந்திருந்தனர், யாருக்கு நாற்காலியே போடப்படவில்லை என்பது மாவட்டத்திற்குச் சென்று பார்த்தாற்றான் தெரியும்.

போயின்செட், ஆர்க்கன்சாவின் வடகிழக்கில் உள்ள தாழ்நிலப் பகுதி. செயின்ற் பிரான்சிஸ் ஆறு அதனூடாக ஓடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மரக் கம்பெனிகள் அங்கிருந்த காடுகளை வெட்டி விற்றன. பின்னர் சதுப்பு நிலம் வடிக்கப்பட்டுப் பருத்தி நிலமாயிற்று. மலைப்புறத்து ஏழை வெள்ளையரும், பழைய பருத்தி மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்களும் அங்கே வந்து குடியேறினர். வந்தவர்களிற் பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் வாரக்குடிகள் ஆயினர்.

நம் நாட்டு வாரக்குத்தகையை அறிந்த வாசகர்க்கு இம்முறை விளங்குவது எளிது. எனினும் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நிலம், குடிசை, கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் நிலவுடைமையாளனுடையவை. உழைப்பு மட்டுமே குடியினுடையது. அது மனைவி மக்களின் உழைப்பையும் சேர்த்தது. அறுவடை பாதிக்குப் பாதி. வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை உண்பதற்கும் உடுப்பதற்கும் வேண்டியவற்றைத் தோட்டக் கடையில் கடனாகப் பெறவேண்டும். கணக்கை எழுதுபவன் நிலவுடைமையாளனோ அவனுடைய கணக்குப்பிள்ளையோ ஆவான். பருத்தி விற்றபின் கணக்குத் தீர்க்கும் நாளிலே குடிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக் கடனே. வாரக்குடிக்குச் சட்டத்தின் கண்ணில் நிலத்தின்மீது எவ்வித உரிமையும் இல்லை. கூலிக்குப் பதிலாக விளைவிற் பங்கு பெறும் வேலையாள் என்றே தென்மாநில நீதிமன்றங்கள் பல அவனைக் கருதின. இந்த ஒரு நுணுக்கம் பின்னால் எத்தனை குடும்பங்களைத் தெருவில் விட்டது என்பதைக் காண்போம்.

1929 இல் இறாத்தல் ஒன்று ஏறக்குறைய 17 சதம் விற்ற பருத்தி 1932 கோடையில் 5 சதத்திற்கும் கீழே இறங்கிற்று. முன்னைய ஆண்டுகளின் விற்காத பருத்தி கிட்டங்கிகளிலே குவிந்து கிடந்தது. 1933 மே 12 இல் விவசாயச் சீராக்கச் சட்டம் கையொப்பமாயிற்று. அதன் தத்துவம் எளியது. விளைவு மிகுந்தமையால் விலை விழுந்தது. விளைவைக் குறைத்தால் விலை ஏறும். குறைக்க இசையும் கமக்காரனுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும். அந்தப் பணத்தை ஆலைகளிடமிருந்து வரியாக அறவிடும். 1909 முதல் 1914 வரை கமக்காரனின் விளைபொருளுக்கு இருந்த வாங்கும் வலிமையை மீட்பதே குறிக்கோள் எனப்பட்டது.

சட்டம் வந்தபோது பருத்தி விதைத்தாயிற்று, செடி வளர்ந்துகொண்டிருந்தது. ஆகவே வளரும் பயிரை உழுது மண்ணுள் மறைக்குமாறு அரசு கேட்டது. ஏறக்குறைய 10 இலட்சம் கமக்காரர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். விதைத்த 4 கோடி ஏக்கரில் 1 கோடி ஏக்கருக்கு மேல் அழிக்கப்பட்டது. ஏக்கர் ஒன்றுக்கு விளைதிறனுக்கேற்ப 7 முதல் 20 டொலர் வரை ரொக்கம். அல்லது குறைந்த ரொக்கமும் அரசின் கையிருப்புப் பருத்தியை 6 சதத்திற்கு வாங்கும் உரிமையும். மொத்தத்தில் 10 கோடி டொலருக்கு மேல் கைமாறியது. பயிர்வரிசையின்மீது காலூன்றலாகாது என்று பழக்கப்பட்டிருந்த கோவேறு கழுதைகள், செடிமேல் நடக்க மறுத்துச் சண்டித்தனம் செய்ததாக அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு செப்ரெம்பரில், பன்றி விலையை உயர்த்துவதற்காக ஏறக்குறைய 60 இலட்சம் பன்றிகள், பெரும்பாலும் குட்டிகள், அரசாங்கச் செலவிற் கொல்லப்பட்டன. மாச்சாக்குத் துணியிலே பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த மக்கள் தம் கையாலேயே பருத்தியை அழித்தனர். பட்டினியும் மிகைவிளைவும் ஒரே வீட்டில் குடியிருப்பது முதலாளித்துவப் பொருளாதாரத்திற்குப் புதிதன்று. ஆனால் அதனை ஓர் அரசு திட்டமிட்டு, ஒப்பந்தமெழுதி, ஏக்கர் ஏக்கராக நடத்தியது அந்த ஆண்டிலேதான்.

திட்டம் தன் நோக்கத்தில் வென்றது என்பதை மறைத்தல் தகாது. 1934 இல் பருத்தி 12 சதம் வரை விற்றது. சொந்த நிலமுள்ள சிறு கமக்காரர் பலர் ஏலத்திலிருந்து தப்பினர். வட்டிக் கடையில் மூழ்கியிருந்த நிலங்கள் மீண்டன. நாம் ஆராய முற்பட்டது, இந்த வெற்றியின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதையே.

1934, 1935 ஆகிய ஈராண்டுகளுக்குமான பருத்தி ஒப்பந்தத்தில் விடை இருக்கிறது. நிலவுடைமையாளன் தன் பருத்தி நிலத்தில் நூற்றுக்கு 35 முதல் 45 வரையிலான பங்கை அரசுக்கு 'வாடகைக்கு' விட்டுத் தரிசாக வைக்கவேண்டும். அந்த வாடகை, நிலத்தின் சராசரி விளைவில் இறாத்தல் ஒன்றுக்கு மூன்றரைச் சதம் என்று கணிக்கப்பட்டது. இதைவிட 'ஈட்டுப் பணம்' என்ற பெயரில், முழு விளைவில் நூற்றுக்கு 40 பங்கிற்கு இறாத்தலுக்கு ஒரு சதம் கொடுபடும். வாடகை முழுவதும் நிலவுடைமையாளனுக்கே. ஈட்டுப் பணத்தில் மாத்திரம் வாரக்குடிக்குப் பாதி. சொந்த மாடும் கருவியும் உடைய சில வகைக் குத்தகைக்காரருக்கு இதிலும் கூடிய பங்கு உண்டு. அவர்கள் தொகை சிறிது.

வகுப்பறைக் கணக்காகவே இதனைச் செய்து பார்ப்போம். ஒருவனிடம் 1,000 ஏக்கர் பருத்தி நிலம். ஏக்கருக்குச் சராசரி விளைவு 200 இறாத்தல். 20 ஏக்கருக்கு ஒரு குடும்பமாக 50 வாரக்குடிகள் என்று கொள்வோம். 400 ஏக்கரை அவன் தரிசாக்கினால் வாடகை 2,800 டொலர். ஈட்டுப் பணம் 80,000 இறாத்தலுக்கு 800 டொலர். இதிற் பாதியைச் சேர்த்து நிலவுடைமையாளன் பெறுவது 3,200 டொலர். மற்றப் பாதியாகிய 400 டொலரை 50 குடும்பங்கள் பங்கிட்டால் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 8 டொலர். எட்டுக்கு ஒன்று என்ற இவ்விகிதம் எவனும் களவாடியதால் வந்ததன்று. ஒப்பந்தத்தை ஒரு சொல்லும் வழுவாது நிறைவேற்றினாலும் வருவது. களவு இதன் மேலும் நடந்தது. குடிக்குரிய பாதிப் பணமும் நிலவுடைமையாளன் கைவழியே வந்தமையால், பழைய கடனுக்கென்று தோட்டக் கடைக் கணக்கில் அது மறைந்தது.

இக்கணக்கில் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது. 400 ஏக்கர் தரிசானால் 50 குடும்பங்களில் 20 குடும்பங்களுக்கு வேலை இல்லை. அவர்களை வைத்திருந்தால் ஈட்டுப் பணத்திற் பங்கும் கொடுக்கவேண்டும்; உணவுக்குக் கடனும் கொடுக்கவேண்டும். அவர்களை அகற்றிவிட்டுப் பருத்தி பறிக்கும் நாட்களில் நாட்கூலிக்கு ஆள் பிடித்தால், அரசு தரும் பணம் முழுவதும் ஒருவனுக்கே. குடியை வெளியேற்றுபவனுக்குப் பரிசு கொடுக்கும் திட்டமாக இது அமைந்துவிட்டது.

இந்த அபாயத்தை வாஷிங்டன் அறியாமலில்லை. ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. நிலவுடைமையாளன் நல்லெண்ணத்துடன் முயன்று, கூடியவரை, வழக்கமான தொகைக் குடிகளை வைத்திருத்தல் வேண்டும். குடிகள் தம் வீடுகளில் வாடகையின்றி இருக்க விடுதல் வேண்டும். தொல்லையாகவோ ஆபத்தாகவோ நடந்துகொள்ளும் குடிக்கு இது பொருந்தாது. இப்படி அமைந்தது அப்பிரிவு. 'முயன்று', 'கூடியவரை' என்பனவற்றின் எல்லையை வகுப்பவர் யார்? யார் தொல்லை, யார் ஆபத்து என்று தீர்ப்பவர் யார்? மாவட்டக் குழு. அக்குழுவில் இருந்தோர் நிலவுடைமையாளரும் அவர்களுடைய அயலவரும். கறுப்பின மக்களுக்கோ வாரக்குடிகளுக்கோ அங்கு இடம் இருக்கவில்லை. அமைச்சர் ஹென்றி வாலஸுக்குக் குடிகள் எழுதிய முறைப்பாடுகள், விசாரணைக்காக அதே மாவட்டத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டன. வழக்காளியின் மனு எதிராளியின் வீட்டு வாசலில் வந்து விழுந்தது. திட்டத்தின் பருத்திப் பகுதிக்குத் தலைவராயிருந்த கல்லி கொப் தென்மாநிலத்தவர். நிதிப்பொறுப்பில் இருந்த ஒஸ்கார் ஜோன்ஸ்டன், மிசிசிப்பி மாநிலத்தில் பல்லாயிரம் ஏக்கர்ப் பருத்தித் தோட்டமொன்றின் தலைவர். அத்தோட்டத்தின் உடைமையாளர் இங்கிலாந்தின் மஞ்செஸ்டர் நகரத்து நூற்பாலைக் கம்பெனியார். 1930களில் ஓராண்டில் மாத்திரம் ஓர் இலட்சம் டொலருக்கு மேல் உதவிப்பணம் அதற்குச் சென்றது. மஞ்செஸ்டரை நாம் அறிவோம். இந்தியக் கைத்தறியின் கதையில் அப்பெயர் வரும். அமெரிக்க அரசின் 'கமக்காரன்' பட்டியலிலும் அது இருந்தது.

போயின்செட் மாவட்டத்தில் டைரொன்சா என்ற சிற்றூர் உண்டு. அங்கே எச். எல். மிற்செல் என்பவர் சலவைக் கடை வைத்திருந்தார். அடுத்த கடையில் கிளே ஈஸ்ட் பெற்றோல் விற்றார். இருவரும் வெள்ளையர், இருவரும் சோஷலிஸ்டுகள். 1934 இன் தொடக்கத்தில் சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் நோர்மன் தோமஸ் அங்கு வந்து குடிகளின் நிலையை நேரிற் கண்டு, கட்சியைவிடச் சங்கமே அவர்களுக்கு முதலில் வேண்டும் என்று கூறிச் சென்றார். அவ்வாண்டு ஜூலையில், ஹைரம் நோர்க்ரொஸ் என்பவருடைய தோட்டத்தை ஒட்டிய பள்ளிக்கூடமொன்றில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் ஓரிரவு கூடினர். அத்தோட்டத்திற் குடிகள் சிலர் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர்.

கூட்டத்தின் முதற் கேள்வி, ஒரு சங்கமா இரண்டு சங்கமா என்பது. தென்மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஆலயத்தில் தொழுவதில்லை; ஒரே பள்ளியிற் படிப்பதில்லை. அங்கிருந்த முதியவர் ஐசாக் ஷோ ஒரு பழைய கதையைத் தெரிந்தவர். 1919 இல், அதே மாநிலத்தின் எலேன் என்ற ஊரில், பருத்திக்கு நியாய விலை கேட்டுக் கறுப்பினக் குடிகள் தனியே ஒரு சங்கம் கண்டனர். ஆயுதந்தரித்த வெள்ளையர் கூட்டங்களும் படையினரும் புகுந்து அவர்களைக் கொன்று குவித்தனர். இறந்தோர் தொகை இன்றுவரை துணியப்படவில்லை. நூற்றுக்கணக்கில் என்று கொள்வோர் உளர். கொன்றவர் தண்டிக்கப்படவில்லை. கறுப்பினத்தவர் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1923 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தலையிட்டமையால் அவர்கள் பின்னர் உயிர் தப்பினர். ஷோ அச்சங்கத்தின் உறுப்பினராக இருந்தவர். தனித்தனியே நின்றால் தனித்தனியே அடிபடுவோம் என்பதே அவருடைய அநுபவத்தின் சாரம். ஒரே சங்கம் என்று முடிவாயிற்று. தென்பகுதிக் குத்தகைக் கமக்காரர் சங்கம் அவ்வாறு பிறந்தது. கறுப்பினப் போதகர் ஈ. பி. மக்கினி அதன் துணைத் தலைவரானார். தலைவர் பதவியை ஏற்ற ஜே. ஆர். பட்லர் முன்னாட் பள்ளி ஆசிரியர். நம் வாசகருட் பலர் ஆசிரியராகலின் இதனையும் குறித்து வைக்கிறோம். சாதி வேற்றுமையைப் பொதுவான பசியைக் காட்டி ஒரே இரவிற் கரைத்துவிடலாம் என்று எண்ணும் நண்பர்கள், அந்தச் சங்கத்திற் பின்னர் எழுந்த பூசல்களையும் படிக்கவேண்டும். ஆயினும் 1934 இல், அந்த மாநிலத்தில், அந்தப் பதினெண்மர் செய்தது பெருஞ்செயல்.

சங்கம் முதலில் நீதிமன்றத்தை நாடியது. நோர்க்ரொஸின் தோட்டத்தில் வெளியேற்றப்பட்ட குடிகளின் சார்பில் ஏழாம் பிரிவைக் காட்டி வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆர்க்கன்சா நீதிமன்றம் 1935 இல் அதைத் தள்ளிற்று. ஒப்பந்தம் அரசுக்கும் நிலவுடைமையாளனுக்கும் இடையிலானது; குடி அதில் ஒரு தரப்பல்லன்; ஆகவே அதனை நிறைவேற்றுமாறு கேட்க அவனுக்கு உரிமை இல்லை. இதுவே தீர்ப்பின் போக்கு. குடியைக் காப்பதற்கென எழுதிய பிரிவைக் குடியைத் தவிர எவரும் நீதிமன்றத்திற்குக் கொண்டுபோகப் போவதில்லை. குடியோ கொண்டுபோக முடியாது.

வாஷிங்டனில் ஜெரோம் பிராங்கின் தலைமையிலிருந்த சட்டப் பகுதியினர் இதைச் சகியாதிருந்தனர். பெரும்பாலும் இளைஞர், இடதுசாரிச் சார்புடையோர் அவர்களிடையே இருந்தனர். பிற்காலத்தில் வேறொரு வழக்கினால் உலகறிந்த அல்ஜர் ஹிஸ் அவர்களுள் ஒருவர். 1935 ஜனவரியில் மேரி கொனர் மையர்ஸ் என்ற பெண் வழக்கறிஞர் ஆர்க்கன்சாவுக்கு விசாரணைக்கு அனுப்பப்பட்டார். அவர் குடிகளிடம் வாக்குமூலம் பெற்றார். கேட்டதெல்லாம் மனிதப் பேராசையின் நெடுங்கதை என்றும், ஏழாம் பிரிவு மட்டுமன்றி வேறு பிரிவுகளும் வெளிப்படையாக மீறப்படுகின்றன என்றும் தந்தியடித்தார். சட்டப் பகுதியினரோ, குடிகளின் தொகையை மட்டுமன்றி அதே குடிகளையே வைத்திருக்கவேண்டும் என்று ஏழாம் பிரிவுக்குப் பொருள் கூறினர்.

1935 பெப்ரவரி 5 இல் திட்டத்தின் ஆணையாளர் செஸ்டர் டேவிஸ், வாலஸின் இசைவுடன், பிராங்கையும் அவருடைய தோழர் சிலரையும் பதவி நீக்கினார். மையர்ஸின் அறிக்கை வெளியிடப்படவே இல்லை. வாலஸ் கொடியவர் அல்லர். பிற்காலத்தில் அவர் முற்போக்காளரின் வேட்பாளராக 1948 இல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றார். எனினும் அன்றைய கணக்கு வேறாயிருந்தது. செனற் சபையிற் பெரும்பான்மைத் தலைவர் ஜோசப் ரொபின்சன் ஆர்க்கன்சாவின் பிரதிநிதி. அச்சபையின் விவசாயக் குழுவுக்குத் தலைவர் தென் கரோலினாவின் எலிசன் ஸ்மித். ரூஸ்வெல்ட்டின் சட்டங்கள் எல்லாம் இத்தகையோரின் கைதூக்கலினாலேயே நிறைவேறின. தேர்தல் வரி கட்ட இயலாதவனும் கறுப்பினத்தவனும் வாக்களிக்க முடியாத மாநிலங்களில், வாரக்குடி எந்தச் செனற்றரையும் தோற்கடிக்கவல்லன் அல்லன். ஒருவருடைய மனச்சாட்சியைக் குறைகூறுவதை விட இதனை விளங்கிக்கொள்வது பயனுடையது.

அக்காலத்தே மாவட்டத்தில் அடக்குமுறை கட்டவிழ்ந்தது. சங்கத்திற்கு உழைத்த வோர்ட் ரொஜர்ஸ் என்ற இளம் போதகர் பேசிய பேச்சுக்காகக் கைதானார். அயல் மாவட்டத்தில் 1935 மார்ச்சில் நோர்மன் தோமஸ் மேடையிலிருந்தே இழுத்து இறக்கப்பட்டார். ஊழியர் வீடுகள்மீது இரவிற் சூடு நடந்தது. சங்கத்தின் அலுவலகம் ஆற்றுக்கு அப்பாலுள்ள மெம்பிஸ் நகருக்குப் பெயர்ந்தது. அப்படியிருந்தும் அதே ஆண்டின் பருத்தி பறிப்புக் காலத்தில் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. பல மாவட்டங்களில் ஒரே இரவில் துண்டுப்பிரசுரங்கள் பரவின. 100 இறாத்தல் பறிக்க ஒரு டொலர் கேட்டனர். பல தோட்டங்களில் 75 சதம் கிடைத்தது. ஊர்வலமில்லை, மறியலில்லை, மக்கள் வீட்டினுள்ளேயே இருந்தனர். பறிப்பவரின்றிப் பஞ்சு வெடித்து நின்றது.

1936 ஜனவரியில் உயர் நீதிமன்றம் விவசாயச் சீராக்கச் சட்டத்தின் வரியைச் செல்லாதென்றது. ஏழைக்கு இரங்கியன்று, ஆலைக்காரர் தரப்பு வழக்கினால். அரசு மண்வளப் பாதுகாப்பு என்ற பெயரிற் புதுச் சட்டம் இயற்றிக் கொடுப்பனவைத் தொடர்ந்தது. சங்கத்தின் கூக்குரல் முற்றாக வீண்போகவில்லை: வாரக்குடியின் பங்கு உயர்த்தப்பட்டது, பணத்தை அவன் பெயருக்கே நேரே அனுப்பும் ஒழுங்கும் வந்தது. வெற்றி என்றே தோன்றும். ஆனால் குடிக்குப் பங்கு கூடக் கூட, குடியை வைத்திருப்பது நிலவுடைமையாளனுக்கு நட்டமாயிற்று. குடியை நாட்கூலியாக்கினால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. அதையே செய்தனர். கிடைத்த அரசாங்கப் பணத்தில் உழவு இயந்திரம் வாங்கியோர் பலர்.

தென்மாநிலங்களில் 1930 இல் 7 இலட்சத்து 76 ஆயிரமாக இருந்த வாரக்குடிகள் 1940 இல் 5 இலட்சத்து 41 ஆயிரமாயினர் என்பது குடித்தொகைக் கணக்கு. இது இயந்திரத்தின் விளைவு, எவ்வாறாயினும் நிகழ்ந்திருக்கும் என்று வாதிப்போர்க்கு ஒன்று கூறுவோம். பருத்தியைப் பறிக்கும் இயந்திரம் வயல்களிற் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. அதற்கு முன்னரே, இரண்டே கால் இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாரக்குடி நிலையை இழந்துவிட்டன. சிலர் கூலிகளாக அதே குடிசையில் இருந்தனர். சிலர் நகரம் சென்றனர். சிலர் எங்கும் செல்லவில்லை. 1939 ஜனவரியில், மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், வெளியேற்ற அறிவித்தல் பெற்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோர், வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக, அடுப்பையும் கட்டிலையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்திலே குடியிருந்தனர். அவர்களை வழிநடத்தியவர் சங்கத்தின் கறுப்பினப் போதகர் ஓவன் விற்பீல்ட். அவ்வழியே வாகனங்களிற் செல்வோர் எல்லாம் அவர்களைக் காணவேண்டும் என்பதே நோக்கம். உறைபனியில் சில நாட்கள் இருந்தனர். பின்னர், சுகாதாரக் கேடு என்று கூறி அதிகாரிகள் அவர்களை அகற்றினர்.

சங்கம் பெரிய தொழிற்சங்க இயக்கத்தோடு 1937 இல் இணைந்து, 1939 இற் பிரிந்து, மெலிந்தது. அப்பூசலில் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் ஒருவரையொருவர் சாடியவை ஒரு தனிக் கட்டுரைக்கு உரியன, இங்கு வேண்டா. கொடுப்பனவு மட்டும் மெலியவில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கிடும் வரையில் ஏக்கர் மிக்கவனுக்கே பணமும் மிக்குச் சென்றது. 1960களின் பிற்பகுதியில் மிசிசிப்பியின் செனற்றர் ஜேம்ஸ் ஈஸ்ற்லண்ட் குடும்பத்தின் தோட்டம் ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் டொலருக்கு மேல் பெற்றது. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு முன்னணியில் நின்று தடை செய்தவர் அவர். அவருடைய மாவட்டத்திலேதான், வாரக்குடி வீட்டிற் பிறந்த பனி லூ ஹேமர் 1962 இல் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றமைக்காக, தாம் பதினெட்டு ஆண்டு உழைத்த தோட்டத்திலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். ஒருவர் பெறும் கொடுப்பனவுக்கு உச்சவரம்பு முதன்முதலில் 1970 ஆம் ஆண்டுச் சட்டத்திலே வந்தது: பயிர் ஒன்றுக்கு 55,000 டொலர். பெருநிலங்களைக் குடும்பத்தவர் பெயர்களிற் பிரித்தெழுதி அவ்வரம்பைத் தாண்டுவது எவ்வாறு என்பதைத் தோட்டக்காரர் விரைவிற் கற்றுக்கொண்டனர்.

இன்று போயின்செட், ஐக்கிய அமெரிக்காவில் நெல் விளையும் மாவட்டங்களின் முன்வரிசையில் உள்ளது. வாரக்குடிகள் இல்லை, இயந்திரங்களும் மிகச் சில கமக்காரரும் உளர். மிற்செலின் சலவைக் கடையும் ஈஸ்டின் பெற்றோல் நிலையமும் இருந்த டைரொன்சாக் கட்டடத்தை ஆர்க்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் சீர்செய்து, 2006 இல் சங்கத்தின் வரலாற்றுக்கென நூதனசாலையாகத் திறந்தது. நெல்லுக்குரிய கொடுப்பனவு, விலை குறித்த அளவிற்குக் கீழே விழும்போது, ஒவ்வொரு பண்ணைக்கும் பழைய பதிவின்படி வகுத்த 'அடிப்படை ஏக்கர்' கணக்கில் வருகிறது. அவ்வாண்டு அந்த ஏக்கரில் நெல் விதைத்திருக்க வேண்டும் என்பதில்லை. மாவட்டக் குழுக்களும் இருக்கின்றன. இப்போது அவற்றைக் கமக்காரர் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர்.